ஞாயிற்றுக்கிழமைப் பல்கலைக்கழகம்

தோட்டத்தில் ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் ஞாயிறு. ஒரு கிழமையாகச் சேர்ந்த உடுப்பைத் துவைப்பதும், விறகு சேர்ப்பதும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும், கல்யாணம் காதுகுத்து என்று சொந்தக்காரர் வீட்டில் தலைகாட்டுவதும் அந்த ஒரு நாளுக்குள்தான் நடந்தாக வேண்டும். பூனாகலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊவா மலைத் தோட்டங்களிலும், சொந்த நாள் என்று சொல்லிக்கொள்ள லயத்து மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது.

அந்த ஒரு நாளையும் படிப்புக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், தொழிற்சாலைக் காரியாலயத்தில் கணக்கு எழுதுகிறவர்கள், பண்டாரவளைக் கடைகளில் வேலைக்கு நிற்கிற இளைஞர்கள். உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் இவர்களில் உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, பிள்ளை குட்டி ஆனபிறகு மறுபடி புத்தகத்தைத் திறந்தவர்களும் உண்டு. கையில் ஒரு ஃபைல், பையில் சோற்றுப் பார்சல், வளைந்து வளைந்து பண்டாரவளைக்குப் போகும் காலை பஸ். அங்கிருந்து பதுளைக்கு இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

இவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது அந்தப் பஸ் பயணத்தின் மறுமுனையில் இருக்கும் ஒரு வகுப்பறை. மிச்சப் படிப்பெல்லாம் லயத்துக் காம்பராவிலேயே நடக்கிறது.

கணக்கு எங்கே பிழைக்கிறது

இலவசக் கல்வி வந்து எண்பது வருடம் ஆகிறது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்ற 1945ஆம் ஆண்டின் அந்தப் பெரிய மாற்றத்தை இலங்கை பெருமையோடு சொல்லிக்கொள்கிறது, சொல்லிக்கொள்ளவும் வேண்டும். ஆனால் கடைசிப் படியில் இடம் மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சைக்கு 263,933 பேர் தோற்றினார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியை 166,938 பேர் பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்கள் ஒரு வருடத்தில் உள்ளே எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். தகுதி பெற்ற நால்வரில் மூவர் வெளியே நிற்கிறார்கள்.

அதில் தோட்டத்துப் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் வயிறு எரியும். கல்வி வசதியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று 16 மாவட்டங்களுக்கு அனுமதியில் 5 வீதம் ஒதுக்கப்படுகிறது. பதுளையும் அதில் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கே. தோட்டத்துக்கு என்று தனியாக எதுவும் இல்லை. பதுளை டவுனில் விஞ்ஞான ஆய்வுகூடமும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் உள்ள பாடசாலையில் படித்த பிள்ளையும், கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணை வெறுமையாய்க் கிடந்த தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். அந்த விகிதத்தைப் பல்கலைக்கழக வாசலில் காண முடிவதில்லை.

பதுளையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே பட்டநெறி உண்டு. ஆனால் உள்வாரிப் படிப்பு, முழு நேரம், ஆங்கில மொழி, இசட் புள்ளி. தேயிலையைத் தொட்டு வளர்ந்த கை அந்தத் தேயிலைப் பட்டத்தைத் தொடுவதற்கு இத்தனை கதவுகளைக் கடக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டிய ஒருவருக்கு அந்தக் கதவுகள் எதுவும் திறக்காது.

வயது வந்தவர்கள் ஏன் இவ்வளவு பேர் வெளியே நின்றார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் இது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். அதற்கு முன் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்த பாடசாலைகள்தான் பெரும்பாலும். இன்று ஐம்பது வயதில் இருக்கிற ஒருவர் படிக்காமல் போனதற்கு அவருடைய சோம்பலைக் காரணம் காட்டுகிறவர்கள், இந்த வருடங்களை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

திறந்த கதவு ஒன்று

இலங்கை திறந்த பல்கலைக்கழகம் 1980இல் அமைந்தது. தலைமையகம் நுகேகொடைக்கு அருகே நாவலவில். 1970களில் தொலைக்கல்வி நிறுவகம் ஒன்றும், பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பணிகளைப் பார்த்துவந்த பிரிவு ஒன்றும் தனித்தனியாகச் செய்துவந்த வேலையை ஒன்றாக்கியதில் பிறந்தது அது. கொழும்புக்கு வெளியே கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம், அநுராதபுரம், மட்டக்களப்பு, பதுளை என்று பிராந்திய நிலையங்களும், ஹட்டன் போன்ற இடங்களில் கற்கை நிலையங்களும் உண்டு.

வேலைக்குப் போகிறவர்களை நினைத்தே கட்டிய வீடு என்று அதைச் சொல்லலாம். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், உயர்தரம் இல்லாதவரும் அடிப்படை நிலைப் பாடநெறியில் சேரலாம். அதில் தேறினால் பட்டநெறிக்குள் போகலாம். ஒரு வருடத்துக்குரிய பாடங்கள் அத்தனையையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தேயிலை விளைகிற மாதங்களில் கூடுதல் வேலை, வீட்டில் பிரசவம், கையில் காசில்லை என்றால் அந்த வருடம் இரண்டு பாடம் மட்டும் எடுக்கலாம். பாட அலகுகள் சேர்ந்துகொண்டே வரும். சமூக விஞ்ஞானம், கல்வியியல் போன்றவற்றைத் தமிழிலேயே படிக்கலாம். சட்டமாணிப் படிப்புக்கான தெரிவுப் பரீட்சையையும் தமிழில் எழுதலாம். பொறியியல், தாதியியல் பக்கம் போனால் ஆங்கிலம் வேண்டும்.

அச்சிட்ட பாடநூல்கள் கையில் கிடைக்கும். அவற்றை வாசித்து அசைன்மென்ட் எழுதி அனுப்ப வேண்டும். சனி, ஞாயிறுகளில் நிலையத்தில் வகுப்பு நடக்கும். மாணவர்கள் அதை ‘டே ஸ்கூல்’ என்கிறார்கள். செய்முறைப் பாடம் தவிர மற்றவற்றுக்கு வராவிட்டால் தண்டனை இல்லை. ஆனால் தொடர்மதிப்பீட்டில் குறித்த புள்ளி எடுக்காதவர் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. வேலை செய்கிறவரின் படிப்பைக் காப்பாற்றுவது இந்த ஓர் ஒழுங்குதான் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. இதன் அருமை தெரிய வேண்டுமென்றால், மலையகத்தில் இன்னும் பலர் தேர்ந்தெடுக்கும் மற்றப் பாதையைப் பார்க்க வேண்டும்.

அது வெளிவாரிப் பட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கலைமாணிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, பாடத்திட்டத்தை வாங்கிக்கொண்டு, பரீட்சை நாளன்று போய் எழுதுவது. இடையில் மாணவர் தனியாள். ரியூசன் வகுப்பும், யாரோ முந்தைய வருடம் எழுதிய நோட்டின் போட்டோக்கொப்பியும்தான் துணை. மலையகத்தின் எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் இந்தப் பாதையில்தான் பட்டதாரிகளானார்கள். அவர்களுடைய விடாமுயற்சிக்குத் தலைவணங்க வேண்டும். முதல் வருடப் பரீட்சையோடு நின்றுபோனவர்களும் அதே லயங்களில் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ‘உன் கட்டுரை எங்கே’ என்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் முடித்திருப்பார்கள்.

லண்டனைப் பார்க்காத லண்டன் பட்டதாரிகள்

தொலைவிலிருந்து எடுத்த பட்டம் என்றால் ஒரு மாற்றுக் குறைவு என்ற நினைப்பு நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கல்யாணப் பேச்சில்கூட, ‘உள்வாரியா, வெளிவாரியா’ என்று கேட்கிறார்கள். இலங்கையின் கல்வி வரலாறு தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது.

லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் பரீட்சைகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. எங்கே படித்தாலும், யாரிடம் படித்தாலும், பரீட்சையில் தேறினால் பட்டம். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தப் பட்டம் கிடையாது. அது மாணவர்களை லண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் தயார் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை, உள்ளூரிலேயே படித்துப் பட்டம் எடுக்க நினைத்தவர்களுக்கு இருந்த பெருவழி அதுதான். விபுலாநந்த அடிகள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே லண்டன் விஞ்ஞானமாணிப் பரீட்சையில் தேறியவர்.

எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார். பிறகு கொழும்பில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். பகலில் வகுப்பில் நிற்பதும் இரவில் சட்டப் புத்தகத்தோடு உட்காருவதுமாக அவர் கழித்த வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்பது இன்றைய தோட்டப் பாடசாலை ஆசிரியருக்குச் சொல்லாமலே விளங்கும். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்து நின்று, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவரும் அவர்தான். நாடாளுமன்றத்தில் லயத்து மக்களுக்காக எழுந்த அந்தக் குரல் வேலை செய்துகொண்டே படித்த ஒருவருடைய குரல்.

கடலுக்கு அந்தப் பக்கம், நம் சொந்தங்கள் திரும்பிப்போன தமிழ்நாட்டில் இதற்கு ‘அஞ்சல்வழிக் கல்வி’ என்று பெயர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே அதைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. அங்கே பஸ் கண்டக்டரும் காவல்துறைக் கான்ஸ்டபிளும் அஞ்சலில் பட்டம் எடுப்பது ஊரறிந்த சாதாரண விஷயம்.

சுரங்கத் தொழிலாளியின் மகள்

பூனாகலை மலைக்கு மேலே, தம்பேதன்னைப் பக்கம், லிப்டன் ஆசனம் இருக்கிறது. கிளாஸ்கோவில் பிறந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அந்த உச்சியிலிருந்து தன் தேயிலையைப் பார்த்து ரசித்தார் என்பார்கள். அவருக்கு முன் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருமளவில் நட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்கொட்லாந்துக்காரர். இந்த மலைகளின் தலையெழுத்தை எழுதியதில் ஸ்கொட்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

திறந்த பல்கலைக்கழகம் என்ற யோசனையைச் செயலாக்கிய கையும் ஸ்கொட்லாந்துக் கைதான். ஜெனி லீ, ஃபைஃப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சனின் அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தபோது, வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பட்டம் படிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற திட்டம் அவர் பொறுப்பில் வந்தது. 1966இல் வெள்ளை அறிக்கை, 1969இல் பட்டயம், 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள். பிபிசி ஆளரவம் இல்லாத நேரங்களில் அவர்களுக்காகப் பாடங்களை ஒளிபரப்பியது. எதிர்த்தவர்கள் நிறையப் பேர். ஜெனி லீ ஒரே விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: ஏழைகளுக்கு என்று தரம் குறைத்த ஒரு பல்கலைக்கழகம் வேண்டாம், மற்றப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் அதே தரமான பட்டத்தையே இதுவும் கொடுக்க வேண்டும். பட்டயம் கிடைத்துப் பதினொரு வருடத்தில் அந்த முன்மாதிரி நாவலவுக்கு வந்துவிட்டது.

சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்த ஒரு பெண் தன் அக்கம்பக்கத்தாரை மனதில் வைத்துக் கட்டியது லயத்துக்குப் பொருந்தாமல் போகாது. ஆனால் அது லயத்து வாசலுக்கு வந்துசேர வேண்டும். அங்கேதான் தடங்கல்.

கடிதம் எங்கே போனது

தொலைக்கல்வி தபாலில் பிறந்தது. 1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்குத் தபால் வந்த கையோடு ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபால் மூலம் சொல்லிக்கொடுத்தார்; மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்ப, அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்ற நிச்சயத்தின் மேல்தான் இந்தக் கல்விமுறை முழுவதும் நிற்கிறது.

லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம், தபாலகம், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கடிதங்கள் மூட்டையாகத் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கங்காணி மூலமோ, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டோ, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தோ போய்ச் சேரும். ஒரே டிவிஷனில் மூன்று ராமசாமி இருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த கதை மலையகத்தில் எந்த லயத்தில் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொடுங்கள் என்று மலையக அமைப்புகள் பல வருடங்களாகக் கேட்டுவருகின்றன. சில இடங்களில் நடந்திருக்கிறது, பெரும்பாலான இடங்களில் இல்லை.

கொழும்பில் இருக்கும் மாணவிக்கு அனுமதிக் கடிதம் தவறினால் நாவலவுக்குப் போய்க் கேட்பாள். பூனாகலை மாணவிக்குத் தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

இப்போது எல்லாம் ஒன்லைன் என்று சொல்லலாம். பதிவு, கட்டணம், அசைன்மென்ட் எல்லாவற்றையும் இணையத்தில் செய்யலாம் என்பது உண்மை. பூனாகலைக்கு அது பெரிய நிவாரணம்தான். ஆனால் சிக்னல் மலையைக் கேட்டுத்தான் வரும். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடியிருந்த 2021இல், இதே ஊவாவின் லுணுகலையில் பிள்ளைகள் காட்டுக்குள் மலையுச்சியில் தரையிலிருந்து முப்பது அடி உயரத்தில் இருந்த மரவீட்டில் ஏறி ஒன்லைன் பாடம் படித்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் படம் எடுத்துப் போட்டன. பெற்றோர் அவர்களோடு காட்டுக்குள் நடந்து போனார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2020இல் லேர்ன் (LEARN) என்ற கல்வி வலையமைப்பின் வழியாகக் கல்வித் தளங்களை டேட்டாக் கட்டணம் இல்லாமல் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். எல்லாரும் பாராட்ட வேண்டிய காரியம் அது. சிக்னல் இல்லாத இடத்தில் இலவச டேட்டாவுக்கும் பலன் இல்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தபோது கைபேசியை சார்ஜ் போடுவதே பெரும்பாடு.

ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால், அதை முதலில் யார் எடுப்பது? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடசாலை வட்ஸ்அப் குழுவில் பாடம் வந்திருக்கும். அம்மாவின் பட்டப்படிப்பு பிள்ளை தூங்கியபிறகுதான்.

ஆசிரியர்கள் போட்ட பாதை

மலையகத்தில் தொலைக்கல்வியை முதலில் பற்றிக்கொண்டவர்கள் ஆசிரியர்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்திடம் வந்தபோது பயிற்சி பெற்ற தமிழ் ஆசிரியர்கள் போதவில்லை. தோட்டத்திலேயே படித்த இளைஞர்களை ஆசிரியர்களாக நியமித்தார்கள். அவர்களை இரண்டு வருடம் கலாசாலைக்கு அனுப்பினால் வகுப்பறை காலியாகும். 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு, பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கான தொலைக்கல்வித் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. அச்சிட்ட மொடியூல்கள், விடுமுறை நாட்களில் போதனாசிரியரோடு சந்திப்பு, தன் சொந்த வகுப்பிலேயே செய்து பார்க்கும் பயிற்சி. திங்கட்கிழமை படிப்பிக்கப்போவதை ஞாயிற்றுக்கிழமை படித்த தலைமுறை அது. மலையகத்துப் பிள்ளைகளில் பலர் ஆண்டு ஐந்து புலமைப்பரிசிலையும் சாதாரண தரத்தையும் தாண்டியதன் பின்னால் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

பத்து வருடத்துக்கு முன் வந்த அடுத்த அலையின் கதை மனதை நோகச் செய்கிறது. 2010களின் நடுவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்களை ‘ஆசிரியர் உதவியாளர்’ என்ற பெயரில் எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு 10,000 ஆக்கினார்கள். வேலை முழு ஆசிரியருடையது. பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் வர முடியும். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற பாடசாலையில் நியமனம் என்றால், அந்த ஆறாயிரத்தில் பஸ் காசு போக என்ன மிஞ்சும்? அதில் படிக்கவும் செய்தார்கள். இவர்கள் இன்று நிரந்தர ஆசிரியர்களாகி, பலர் திறந்த பல்கலைக்கழகத்திலும் வெளிவாரியிலும் பட்டத்துக்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும் பதிந்திருக்கிறார்கள்.

ஊவாத் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் என்றதும் தெளிவத்தை ஜோசப்பை நினைக்காமல் இருக்க முடியாது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். தான் படிப்பித்த தெளிவத்தை என்ற ஊரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். வேலை முடிந்த நேரத்தில் வாசித்து எழுதி, மலையக இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒருவரானார். தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது 2013இல் அவரைத் தேடி வந்தது.

கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு

ஆசிரியருக்கு மாலை மூன்று மணிக்குமேல் நேரம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு, பட்டம் எடுத்தால் சேவையில் உயர்வு உண்டு. மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கு?

காலை ஐந்து மணிக்கு முன்பே எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, ஏழு ஏழரைக்கு மலைக்குப் போக வேண்டும். முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழ 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோ. எடை குறைந்தால் அரைப் பேர். மாலையில் மடுவத்தில் கடைசி நிறுவை முடிந்து வீடு வரும்போது அடுப்பும் தண்ணீரும் காத்திருக்கும். தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் உயர்தரம் வரை படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் கூடை மாட்டியவர்களும் உண்டு.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350. மாதத்தில் இருபது நாள் பேர் விழுந்தாலும் அந்தக் கணக்குக்கு 27,000 ரூபா. திறந்த பல்கலைக்கழகம் அரச பல்கலைக்கழகம்தான் என்றாலும் இலவசம் இல்லை. பாட அலகுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். குறைந்த வருமானக்காரருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் பணம் கட்டிப் பதிந்துவிட்டு விண்ணப்பிக்கும் உதவி, பதியவே காசில்லாதவரை எட்டாது. பத்தொன்பது வயதில் பேராதனைக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, மகாபொல உண்டு, விடுதி உண்டு. முப்பது வயதில் கூடையோடு நிற்கும் பெண் தன் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்து, காசும் கட்ட வேண்டும். இலவசக் கல்வி நாட்டில் இந்தக் கணக்கு நியாயமில்லை. தோட்டத் தொழிலாளராகச் சேமலாப நிதி கட்டுகிற ஒருவர் அடிப்படை நிலைப் பாடநெறியில் சேரும்போது முதல் வருடக் கட்டணத்தையாவது அரசாங்கம் ஏற்க வேண்டும். பெரிய தொகை ஆகாது.

‘இந்த வயசில படிச்சு என்ன செய்யப் போற’ என்ற கேள்வியையும் அந்தப் பெண் கேட்க வேண்டியிருக்கும். கேட்கிறவர் மாமியாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம், லயத்தின் அடுத்த காம்பராவாக இருக்கலாம். ஒரு டிவிஷனில் மூன்று பெண்கள் சேர்ந்து பதிந்தால் அந்தக் கேள்வி பாதியாகக் குறையும். சேர்ந்து பஸ் ஏறலாம், ஒரே பாடநூலை மாற்றி மாற்றி வாசிக்கலாம், ஒருத்தி டே ஸ்கூல் போகும் நாளில் மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கிற யாருக்கும் இந்தக் கட்டுரை சொல்லக்கூடிய மிக உபயோகமான வார்த்தை அதுதான்: தனியாகப் பதியாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்பது தோட்டங்களில் சகஜம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதியபோது விழுந்த பிழை, அப்பாவின் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறிய பிழை. விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அதைக் கண்டுபிடித்தால் அந்த வருடமும் போய்விடும். பிரதேச செயலகத்தில் திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

மண்ணுக்குப் பயந்த மலை

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான். உயிர் தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புக் கட்டி வாழ்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2016இல், பூனாகலை மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. மறுபடி குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின.

மண் மூடிய வீட்டில் அடையாள அட்டையும் சாதாரண தரச் சான்றிதழும் அதோடு போகும். ஆறு மாதமாக எழுதிவைத்த நோட்டும் போகும். திறந்த பல்கலைக்கழக மாணவர் கைக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் சான்றிதழ்களைப் படம் எடுத்து மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிவைப்பது என்று ஊவாவில் சொன்னால் யாரும் மிகையென்று நினைக்க மாட்டார்கள்.

மழை கடுமையானால் பண்டாரவளைப் பாதை அடைபடும். அசைன்மென்ட் முடிவுத் திகதியும் டே ஸ்கூலும் அந்தக் கிழமையில் வந்தால் பூனாகலை மாணவரின் நிலைமை நாவலவுக்குத் தெரிய வேண்டும். மண்சரிவு அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிரிவுகளில் வசிப்போருக்கு முடிவுத் திகதி தானாகவே தள்ளிப்போகும் என்று ஒரு விதி எழுதுவது கடினமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத்தான் எச்சரிக்கை விடுக்கிறது. பட்டியல் தயாராக இருக்கிறது.

இடமும் தயாராக இருக்கிறது. வீடிழந்தவர்களுக்குக் கூரை கொடுத்த அந்தப் பூனாகலைப் பாடசாலையில் மேசை உண்டு, கதிரை உண்டு, கரும்பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாடசாலை இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு பதுளை நிலையத்திலிருந்து இரண்டு போதனாசிரியர்கள் ஒரு வேனில் வந்து, காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அங்கே டே ஸ்கூல் நடத்தலாம். அடிப்படை நிலைப் பாடங்களில் தொடங்கினால் போதும். அம்பிட்டிகந்தையிலிருந்தும் கபரகலையிலிருந்தும் மாக்கல்தெனியவிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பதுளைக்குப் போகிற பஸ் காசும் நான்கு மணிநேரமும் மிச்சம். அந்த நான்கு மணிநேரத்தில் உடுப்புத் துவைத்துவிடலாம்.